வாடகைக்கு இருந்தவர்

கடிதம் வந்தபோது ரஸ்ஸல் கடலில் இருந்தான். வடகடலில் எரிவாயு எடுக்கும் ஒரு மேடையில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். உறையின் மேல் அவன் பெயர் இருந்ததால், அவனோடு வாழும் லோர்னா அதைப் பிரிக்கவில்லை. ரொட்டி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இங்கிலாந்தின் கிழக்குக் கரை ஊரான லோஸ்டாஃப்டின் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வாரம் நான்கு நாள் வேலை.

சாயங்காலம் மேடையிலிருந்து அவன் கூப்பிட்டபோது சொன்னாள்.

"உனக்கு வரி ஆபீஸ்லேர்ந்து ஏதோ வந்திருக்கு."

"கூடுதலாப் பிடிச்சதத் திருப்பித் தர்றாங்களோ என்னவோ. பிரிச்சுப் படி."

பிரித்தாள். நின்றபடியே முதல் பத்தியைப் படித்தவள் இரண்டாவது பத்திக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரஸ்ஸலுடன் வசிக்கும் குழந்தைகளுக்காக அவனோ அவனுடைய துணையோ குழந்தை உதவித்தொகை வாங்கி வருவதாகத் தெரிகிறதாம். அவனுடைய ஆண்டு வருமானம் ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் இருப்பதால் அந்தத் தொகையை அவன் வரியாகக் கட்ட வேண்டுமாம். 2019-லிருந்து எவ்வளவு என்று அவனே கணக்குப் போட்டு எழுத வேண்டுமாம். எழுதத் தவறினால் அபராதம்.

"யாருக்கோ போக வேண்டியது உனக்கு வந்திருச்சு" என்றாள் லோர்னா. அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

அந்தப் பணம் அவளுடைய பணம். மூத்தவள் மெய்சி பிறந்த மாதத்திலிருந்து அவள் பெயரில், அவள் கணக்கில், நாலு வாரத்துக்கு ஒரு முறை வருவது. பிறகு ஐவி பிறந்தாள், தொகை கொஞ்சம் கூடியது. பிள்ளைகளின் அப்பன் டேரன், ஐவி நடக்கத் தொடங்குவதற்குள் வீட்டை விட்டுப் போனான். அப்போதும் அந்தப் பணம் நிற்கவில்லை. பள்ளிச் செருப்பு, நீச்சல் வகுப்பு, மழைக் கோட்டு எல்லாம் அதிலிருந்துதான். ரஸ்ஸலுக்கு அப்படி ஒரு பணம் வருவதே சரியாகத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நாட்டில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் வருவதுதானே.

மறுநாள் கடையில் மதிய உணவு நேரத்தில் அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் ஒரே மெட்டு காதில் ஓடியது. அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது. நல்ல மரியாதையான குரல்.

"மேடம், இது மிஸ்டர் ரஸ்ஸல் அட்டிங்கோட வரி விஷயம். உங்ககிட்டப் பேச எனக்கு அனுமதி இல்ல."

"பணம் வந்தது எனக்கு. பிள்ளைங்க என் பிள்ளைங்க."

"புரியுது மேடம்."

"புரியுதுன்னா எங்கிட்டப் பேசுங்க. அந்தப் பிள்ளைங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அவங்க அப்பா உயிரோட இருக்கான், ரெண்டு தெரு தள்ளி."

"உங்களோட சேர்ந்து வாழறவர் யாரோ, அவரு சம்பளத்தத்தான் மேடம் பார்ப்பாங்க. பிள்ளைங்களோட அப்பாவா இருக்கணும்னு அவசியமில்ல. இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

இரண்டு நாள் கழித்து ரஸ்ஸல் மேடையிலிருந்து போன் போட்டான். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு பணம் வந்தது என்று கேட்டான். அது உங்கள் துணைவியின் கணக்கு, அவருடைய விவரங்களை உங்களிடம் சொல்ல அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

"அவகிட்டக் கேட்டா என் விஷயங்கிறீங்க. எங்கிட்டக் கேட்டா அவ விஷயங்கிறீங்க. அப்போ பணத்த மட்டும் யார்கிட்டக் கேக்குறீங்க?" என்று அவன் கத்தினானாம். மேடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

கடைசியில் அலுவலகமே கணக்குப் போட்டு அனுப்பியது. நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம், அதன் மேல் அபராதம் வேறு.

டேரனிடம் சொல்ல வேண்டும் என்று லோர்னாவுக்கு எண்ணம் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவன், கூரை வேலைக்காக வாங்கிய புது வேனை வாசலிலேயே நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கூலியைக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாக வாங்குகிறவன். பிள்ளைகளுக்காக அவன் தரும் மாதப் பணத்தில் ஒரு வாரச் சாமான் வாங்க முடியாது. ஜன்னலில் குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

டேரன் சிரித்தான். "நல்லதாப் போச்சு. நாட்டுல ஒருத்தனாவது கட்டட்டும்."

"உன் பிள்ளைங்கடா."

"அவன் வீட்லதானே சாப்பிடறாங்க?"

"என் வீடு அது. என் பேர்ல இருக்கற வீடு."

"அப்போ அவன ஏன் உள்ள விட்ட?" என்று கேட்டுவிட்டு, பின்னால் திரும்பி, "பெல்ட்டப் போடுங்க புள்ளைங்களா" என்றான். வேன் போன பிறகும் அவள் நடைபாதையிலேயே நின்றிருந்தாள்.

ஆனால் அவளை உண்மையில் கொதிக்க வைத்தது டேரன் இல்லை. அடுத்த வாரம் ரஸ்ஸலின் அண்ணன் க்ளைவ் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்துதான்.

க்ளைவ் துறைமுகத்தில் பொறியாளன். அவன் மனைவி ஹேசல் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. இரண்டு பையன்கள். தோட்டத்தில் உட்கார்ந்து ஊறுவதற்குப் புதிதாக ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். அதன் மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார வைத்தார்கள். மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே க்ளைவ் கேட்டான்.

"என்னடா தம்பி, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கடல்ல எதையாவது கீழ போட்டுட்டியா?"

ரஸ்ஸல் சொன்னான். க்ளைவ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"அட, எங்களுக்கு வருதேடா அந்தப் பணம்! ஒரு பைசா குறையாம வருது. எனக்கு நாப்பத்தொன்பது, இவளுக்கு நாப்பத்தெட்டு. ஐம்பதத் தாண்டாம இருக்கணும், அவ்வளவுதான்."

லோர்னா மனதுக்குள் கூட்டினாள். தொண்ணூற்றேழாயிரம். ரஸ்ஸலின் அறுபத்து மூன்றும் தன்னுடைய பதினான்கும் சேர்ந்தால் எழுபத்தேழுதான். இருபதாயிரம் அதிகம் வருகிற வீட்டுக்கு முழுப் பணம். குறைவாக வருகிற வீட்டுக்கு அபராதம்.

"ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டிப் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத்தான் பாப்பாங்க" என்றான் க்ளைவ். "டேய் ரஸ், நீ ஒருத்தனே சம்பாதிச்சதுதான் தப்பு. பாதிய இவ பக்கம் தள்ளு."

"எப்படி? கிரேன்ல தூக்கி வைக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரஸ்ஸல்கூடச் சிரித்தான். லோர்னாவால் முடியவில்லை.

"உங்களுக்கு இது வேடிக்கையா இருக்கு" என்றாள். "இவரு ரெண்டு வாரம் காத்துல, தண்ணி நடுவுல, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பாக்கறாரு. நீங்க தொட்டியில உக்காந்துகிட்டு..."

ஹேசலின் முகம் சிவந்தது. "லோர்னா, சட்டம் போட்டது நாங்களா? எங்க மேல ஏன் பாயற?"

"நீங்க போடல. கொஞ்சம் வெட்கமாவது படலாமில்ல?"

"எதுக்கு வெட்கப்படணும்? நானும்தான் உழைக்கறேன். நீயும் முழு நேரம் வேலைக்குப் போயேன், யாரு வேணாங்கறா?"

"போறேன். இவரு பாதி மாசம் கடல்ல இருக்கும்போது ஐவிய ஸ்கூல்லேர்ந்து நீ கூட்டிட்டு வர்றியா?"

லோர்னா பிள்ளைகளின் கோட்டுகளை எடுத்தாள். இனிப்பு இன்னும் வரவில்லை என்று ஐவி அழுதாள். காரில் ரஸ்ஸல் ரேடியோவைப் போட்டுவிட்டான். அண்ணன் வீட்டில் இப்படிச் செய்துவிட்டாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் இருந்திருக்கும். அவளுக்கோ அவன் சிரித்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ரஸ்ஸல் மேல்முறையீடு போட்டான். மேடையில் மிக் என்று ஒரு நண்பன். தொழிற்சங்க வேலையெல்லாம் பார்க்கிறவன், எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் பூர்த்தி செய்துவிடுவான். அவன்தான் எழுதிக் கொடுத்தான். லோர்னா கேட்டபோது, "அது பாத்துக்கலாம், மிக் பாத்துக்குவான்" என்று ரஸ்ஸல் சொல்லிவிட்டான்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில், தலையணைத் தடிமனில் ஒரு காகிதக் கட்டு வந்தது. தீர்ப்பாயத்தில் விசாரணைத் தேதி குறித்திருந்தார்கள். இரு தரப்பும் கொடுத்த எல்லாக் காகிதமும் அதில் இருந்தது. இந்தத் தடவை உறையின் மேல் யார் பெயர் என்று லோர்னா பார்க்கவில்லை. கிழித்தாள். மூன்றாவது பக்கத்தில் ரஸ்ஸலின் கையெழுத்தோடு ஒரு வாக்குமூலம் இருந்தது.

'மார்ச் 2021 வரை நான் செல்வி லோர்னா கேட்ச்போலின் வீட்டில் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன் மட்டுமே. எங்களுக்குள் குடும்ப உறவு ஏதும் அப்போது இல்லை.'

ரஸ்ஸல் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான். ஏணி போட்டு ஏறி, கூரை ஓரத்து மழைநீர் வடிகாலில் அடைத்திருந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தான். அவள் ஏணியின் கீழே போய் நின்றாள்.

"இறங்கு."

"ஒரு நிமிஷம்."

"இறங்குன்னு சொல்றேன். வாடகைக்கு இருக்கறவங்க கூரையெல்லாம் சுத்தம் பண்ண வேண்டியதில்ல."

அவன் கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பிக் கீழே பார்த்தான். கட்டு அவள் கையில் இருந்தது.

"லோர்னா, அது காகிதத்துல ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"உறவு ஏதும் இல்லன்னு எழுதியிருக்க."

"ஒன்றரை வருஷம் குறைஞ்சா ரெண்டாயிரத்து எண்ணூறு குறையுது. மிக் கணக்குப் போட்டான். கடல்ல பாதி, இங்க பாதி இருக்கறவன், யாரு நிரூபிக்க முடியும்?"

"எதை நிரூபிக்கணும்? ஐவிக்கு அம்மை போட்டிருந்த வாரம் ரெண்டு பையோட வந்து இறங்குனியே, அதையா? அவ சொறியாம இருக்க ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டு உக்காந்திருந்தியே, அதையா?"

பக்கத்து வீட்டுக்காரர் துணி உலர்த்த வந்தவர், கூடையோடு திரும்ப உள்ளே போய்விட்டார். ரஸ்ஸல் இறங்கி வந்தான். அவன் முகமும் இப்போது மாறியிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு" என்றான். "மெய்சி கை ஒடிஞ்சப்போ ஆஸ்பத்திரியில நான் கையெழுத்துப் போட முடிஞ்சுதா? நீ வர்ற வரைக்கும் உக்கார வெச்சாங்க. ஸ்பெயின் போறதுக்குப் பாஸ்போர்ட் போட்டப்போ? டேரன் பின்னால அலைஞ்சோம். ஸ்கூல்ல அப்பான்னு போட்ட இடத்துல யார் பேர் இருக்கு? எல்லாத்துக்கும் நான் யாரோ. பில் போடும்போது மட்டும் என் பிள்ளைங்க! அவங்க எழுத்துலயே நான் யாரோன்னா, நானும் அதையே எழுதறேன். என்ன தப்பு?"

அவன் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரியவைத்தது.

"நீயும் வந்து அதையே சொல்லணும்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "சாட்சின்னு உன் பேரைக் கொடுத்திருக்கு."

மூன்றாம் நாள், "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பணம் மிஞ்சினால் என்னென்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரியும். சமையலறை ஜன்னல் சட்டம் உளுத்துப் போயிருந்தது. காருக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வார்த்தைதானே, வாயில் போட்டுத் துப்பிவிட்டு வரலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கட்டின் மீதிப் பக்கங்களை இருவருமே புரட்டவில்லை. முதல் பத்துப் பக்கம்தான் முக்கியம் என்று மிக் சொல்லியிருந்தான்.

விசாரணை நாரிச் நகரத்தில். நீலக் கம்பளம் போட்ட சின்ன அறை. மேஜை மேல் தண்ணீர்க் கூஜா. நீதிபதி அறுபது வயதுப் பெண்மணி. அவருடைய மூக்குக்கண்ணாடி இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்ததை லோர்னா பார்த்தாள். கடையில் என்றால் இரண்டு நிமிடத்தில் நிமிர்த்திக் கொடுத்திருப்பாள். வரி அலுவலகத்தின் சார்பில் ஓர் இளைஞன் வந்திருந்தான். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசினான்.

முதலில் ரஸ்ஸல். நீதிபதி கேட்டார்.

"வாடகை எவ்வளவு கொடுத்தீங்க மிஸ்டர் அட்டிங்?"

"வாரம் எண்பது பவுண்ட்."

"பேங்க் வழியாவா?"

"ரொக்கமா."

"மாடியில எந்த அறை?"

ரஸ்ஸல் ஒரு விநாடி தடுமாறினான். மிக் எழுதிக் கொடுத்ததில் அந்தக் கேள்வி இல்லை. அவன் பின்கழுத்து சிவப்பதை லோர்னா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்பக்க அறைங்க" என்றான்.

அந்த வீட்டு மாடியில் இரண்டே அறைகள். முன்பக்கம் லோர்னாவும் ரஸ்ஸலும் படுப்பது. பின்பக்கத்தில் இரண்டு கட்டில்கள் போட்டு மெய்சியும் ஐவியும் படுக்கிறார்கள்.

அவள் முறை வந்தது. எழுந்தாள். உண்மை சொல்வதாக உறுதி சொன்னாள்.

"செல்வி கேட்ச்போல், மார்ச் 2021 வரைக்கும் மிஸ்டர் அட்டிங் உங்க வீட்டுல வாடகைக்கு இருந்தாரா?" என்று நீதிபதி கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஒரு மணி நேரம் காரில் அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பின்னாடி இருக்கறது என் பிள்ளைங்க ரூம்" என்றாள். "அதுல எந்த ஆம்பளையும் வாடகைக்கு இருந்ததில்ல. எந்தக் காலத்துலயும் இல்ல. அதை இங்க எழுதிக்கோங்க."

"லோர்னா..." என்றான் ரஸ்ஸல்.

"நீ சும்மா இரு. ஒன்பது வயசும் ஆறு வயசுமா ரெண்டு பொண்ணுங்க தூங்கற ரூம்ல, எவனோ ஒருத்தன வாரம் எண்பது பவுண்டுக்குப் படுக்க வெச்சவ மாதிரி என்னை ஆக்கிட்டு உக்காந்திருக்க." நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "இவரு என்னோட இருந்தாரு. என் ரூம்ல. 2019 செப்டம்பர்லேர்ந்து. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பன் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சது இவருதான். வாடகைக்கு இருந்தவரு இல்ல."

இளைஞன் காகிதக் கட்டைப் புரட்டினான்.

"நன்றி செல்வி கேட்ச்போல். பக்கம் எண்பத்து நாலுல இருக்கறதும் அதேதான். 2019 செப்டம்பர்ல நீங்க வாங்கிட்டிருந்த குறைந்த வருமான உதவிய நிறுத்தச் சொல்லி நீங்களே போன் பண்ணியிருக்கீங்க. 'என் துணைவர் இன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்'னு பதிவாகியிருக்கு."

லோர்னா அதைச் சுத்தமாக மறந்திருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கூப்பிட்டுச் சொன்னாள். வாரம் தொண்ணூறு பவுண்டு வந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த வாரமே நின்றுபோனது.

"ஆமா, சொன்னேன்" என்றாள். குரல் உயர்ந்தது, அவள் அதை அடக்கவில்லை. "அந்தப் பணத்த ஏன் நிறுத்துனீங்க? அவரு சம்பளத்தையும் என் சம்பளத்தையும் கூட்டிப் பாத்தீங்க. ஒரே குடும்பம், ஒரே அடுப்பு, அதனால இனிமே உனக்குக் கிடையாதுன்னீங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். இப்போ இந்தப் பணத்துக்கு மட்டும் கூட்ட மாட்டேங்கறீங்க. கூட்டினா எங்களவிட இருபதாயிரம் அதிகமா வர்றவன் கட்டணும். அவன் கட்ட வேணாம்னு தனித்தனியா எண்ணுறீங்க. எங்ககிட்டப் பிடுங்கறதுக்கு எது வசதியோ அன்னைக்கு அது! நாங்க ஒரு குடும்பமா, ரெண்டு தனி ஆளா? இப்பவே சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் அப்படியே இருந்துட்டுப் போறேன்."

இளைஞன் மேஜையைப் பார்த்தான். "அது வேற உதவி, இது வேற உதவி மேடம். விதிகள் வேற" என்றான், ரொம்ப மெதுவாக.

"எந்த உதவியா இருந்தாலும் அந்தக் குழந்தைங்க ஒண்ணுதானேப்பா" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்க கோபம் எனக்குப் புரியுது" என்றார். "ஆனா இந்தச் சட்டம் நியாயமா இல்லையான்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. அது பாராளுமன்றம் போட்டது. சட்டப்படி வரி சரியாங்கறத மட்டும்தான் நான் பார்க்க முடியும். சரியாத்தான் இருக்கு."

அபராதத்தை மட்டும் ரத்து செய்தார். பணம் வருவதே ரஸ்ஸலுக்குத் தெரியாது, வீட்டுக்காரியோ 2019-லேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஆகவே மறைத்ததாகச் சொல்ல முடியாது என்றார். வாக்குமூலத்தைப் பற்றி, "மிஸ்டர் அட்டிங், அடுத்த தடவை நண்பர்கள் எழுதித் தர்றதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிங்க" என்றதோடு விட்டார். ரஸ்ஸல் தலையைக் குனிந்தபடி நின்றான்.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில், சாலை ஓரத்தில் பர்கர் விற்கும் வண்டி ஒன்று நின்றது. ரஸ்ஸல் காரை ஓரங்கட்டினான். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அத்தனை பேர் முன்னாடி என் மூஞ்சில கரியைப் பூசிட்ட."

"நீயே பூசிகிட்ட. நான் காட்டினேன்."

"வீட்லயே வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? வர்றேன்னுட்டு வந்து..."

"நீ கேட்டதச் சொல்லத்தான் வந்தேன் ரஸ். பின்பக்க ரூம்னு உன் வாயில எப்படி வந்துச்சு?"

"அந்தம்மா கேட்டதும் மூளை நின்னுபோச்சு" என்றான். "சொன்ன உடனே, ஐவி கட்டிலுக்கு மேல நான் ஒட்டின நட்சத்திரம்தான் கண்ணு முன்னால வந்துச்சு. அதுக்கப்புறம் சொன்னத எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியல." ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். ஹாரன் கத்தியது. பர்கர்க்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு என்னை என்னவா ஆக்கிட்டாங்க பாத்தியா?"

"ஆக்கினாங்க. நீயும் ஆனே. நானும் ஆகத்தான் வந்தேன்."

அவன் இறங்கிப் போய் இரண்டு தேநீர் வாங்கிவந்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவள் அதைச் சொல்லாமல் குடித்தாள்.

வரியை அவன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்தார்கள். ஜன்னல் சட்டம் அந்தக் குளிர்காலத்திலும் அப்படியே இருந்தது. லோர்னா துணி அடைத்து வைத்தாள். பிள்ளைப் பணத்தை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டால் இனி பில் வராது என்று ஹேசல் ஒரு செய்தி அனுப்பினாள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பாள். லோர்னா பதில் போடவில்லை. நிறுத்தவும் இல்லை. அது அவள் பெயரில் வருகிறது, பிள்ளைகளுக்காக வருகிறது, வேண்டாம் என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள். ரஸ்ஸல் அதற்கு ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. க்ளைவ் வீட்டுக்கு அவன் மட்டும் போய்வந்தான்.

தொகுதி எம்.பி.க்கு அவள் மூன்று கடிதங்கள் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில், ஒரே கையெழுத்து, அச்சில். அடுத்த வசந்தத்தில் அரசாங்கம் வரம்பை அறுபதாயிரமாக உயர்த்தியது. இனிமேல் குடும்ப வருமானத்தையே கூட்டிப் பார்க்கப் போகிறோம் என்றும் அறிவித்தது. ரஸ்ஸலுக்குப் பாரம் குறைந்தது. லோர்னா அன்று கடையில் எல்லாரிடமும் அதைச் சொன்னாள், தான் எழுதிய கடிதங்களால்தான் நடந்தது என்பதுபோல.

ஆட்சி மாறியது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், அடுப்பில் மீன் துண்டுகளைப் போட்டுவிட்டு ரேடியோவைத் திருகினாள். குடும்ப வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். செலவு அதிகமாகுமாம்.

ஐந்து நிமிடத்தில் மேடையிலிருந்து போன் வந்தது.

"கேட்டியா?" என்றான் ரஸ்ஸல்.

"கேட்டேன்."

"செலவாகுமாம்."

"யாருக்கு?"

அதன் பிறகு அவன் சொன்னதும் அவள் சொன்னதும் எழுதக்கூடியது இல்லை. படியில் இறங்கிவந்த மெய்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். போனை வைத்துவிட்டு லோர்னா மேஜையைத் துடைத்தாள். காகிதத்தை எடுத்து, எம்.பி.யின் பெயரை மேலே எழுதினாள். புது எம்.பி. பெயரை எழுத்துக் கூட்ட மெய்சியிடம் கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது பக்கம் போகும்போது மீன் கருகும் வாசனை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தாள். கருகாத துண்டுகளைப் பிள்ளைகள் தட்டில் எடுத்து வைத்தாள். திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.